குளத்தங்கரை லாட்ஜில் மூன்று சாப்பாடு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருத்தி குற்றாலத்துப் படம் போட்டிருந்தாள். குளத்தை ஒட்டி ஒரு ஓட்டல், தண்ணீரைப் பார்த்தபடி மேசை, மேசையில் பொரித்த மீன். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாக எழுதினீர்கள். அந்தக் காலம் வருமா, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனது மறக்குமா, சாரல் அடித்தால் இன்னும் அழுகை வருகிறது, இப்படி. பேரன் பேத்தி எடுத்துவிட்டோம், இனி பொய் சொல்வதற்கு என்ன கூச்சம் என்று நினைத்துவிட்டீர்கள் போல. படம் போட்டவள் என்னையும் கேட்டாள். நீயும் சின்னப் பிள்ளையில் அங்கே தங்கினாய் அல்லவா, நாலு வரி எழுதேன் என்றாள்.

எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போங்கள்.

அந்த லாட்ஜில் வைத்துத்தான் என் அக்காவைக் கெடுத்தார்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வெளியாள் யாரும் கை வைக்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று, வேளாவேளைக்கு மீன் சாப்பிட்டுக்கொண்டே செய்தார்கள்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தென்காசியில் போலீஸ் ஏட்டு. ஏட்டையா என்று கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அக்கா பத்தாவது படிக்கும்போது ஒருநாள் ரேடியோ கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் இருந்து கூப்பிட்டிருக்கிறார். ரேடியோச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "காது கேக்கலையாட்டி ஒனக்கு?" என்று வந்து இடது கன்னத்தில் ஒன்று விட்டார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த காது அதோடு போயிற்று. சீழ் வடிந்தது. ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள். ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி இந்தக் காது கேட்காது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது, திரும்பவும் சீழ் பிடித்தால் எலும்புக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அடிபட்டதா என்று கேட்டார். சளி என்று அம்மா சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சளி என்றுதான் பெயர். அக்கா ஒரு பழைய கண்மை டப்பாவைக் கழுவி அதில் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்திருப்பாள். தலைக்குக் குளிக்கும் முன்பு அதைக் காதில் அடைத்துக்கொள்வாள். யாராவது இடது பக்கமாக வந்து பேசினால் நான் அவள் காலை மிதிப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. அவள் அதை வைத்து விளையாடவும் செய்வாள். அப்பா திட்டும்போது மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்தப் பக்கம் கடை அடைச்சாச்சு" என்று என்னிடம் உதட்டை மட்டும் அசைப்பாள். நான் சிரித்துவிட்டு அடி வாங்குவேன்.

அவளுக்கு இருபது வயது ஆனபோது ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், சங்கரன்கோவில் பக்கம். மாப்பிள்ளை மிலிட்டரியில் கிளார்க். லீவில் வந்திருந்தான். போவதற்குள் முடித்துவிட வேண்டும்.

எங்கள் ஆட்களில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே பேசும். அதனால் சீசன் நேரமாக இருந்தால் இரண்டு வீட்டாரும் குளிக்கப் போன மாதிரி குற்றாலம் போய், ஒரே லாட்ஜில் அறை போட்டு, ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். பிடித்தால் பூ வைப்பது. பிடிக்காவிட்டால் குளித்தோம், சாப்பிட்டோம், வந்தோம். யாருக்கும் அவமானம் கிடையாது.

அப்பாவுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்தில் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அருவியில நின்னு வந்தவனுக்கு ரெண்டு நாளைக்குக் காது அடைச்சித்தான் இருக்கும். எவனைக் கூப்பிட்டாலும் என்ன, என்னம்பான். அந்த எடத்துல இவ ஒருத்திக்குக் கேக்கலைன்னு எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"டாக்டர் தண்ணியே படக்கூடாதுன்னாரே."

"அவரு சொன்னது கெணத்துத் தண்ணி, கொழாத் தண்ணி. இது மூலிகைத் தண்ணி. யாரு கண்டா, செரியானாலும் ஆயிரும்."

இதை அவர் நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. திருடன் என்று தெரிந்து திருடுகிறவனை நாலு பேர் பார்த்திருப்பீர்கள். மூலிகைத் தண்ணீர் என்று நம்பிக்கொண்டு மகளைக் கொண்டுபோய் நிறுத்துகிறவனை என்ன செய்ய?

ஐந்தருவிக்குப் போகிற வழியில் குளத்தைப் பார்த்தபடி இருந்தது அந்த லாட்ஜ். மேனேஜருக்கு அப்பாவிடம் ஏதோ காரியம் ஆகவேண்டும் போல. ரோட்டிலேயே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அறைக்கு எதிரே வராந்தா முழுக்கக் கொடி கட்டி ஊரில் உள்ளவர்களின் ஈரத் துணியெல்லாம் தொங்கியது. எண்ணெயும் சீயக்காயும் ஈரச் சாக்கும் கலந்து ஒரு வாசம். அந்த வாசம் எங்கேயாவது வந்தால் இப்போதும் எனக்குப் பசிக்கும், அதோடு குமட்டும்.

சாப்பாட்டு ஹால் குளத்துக்கு மேலேயே நீட்டிக் கட்டியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பக்கத்துக்குப் பக்கம் பெரிய ஜன்னல், கம்பி கிடையாது. சாரல் உள்ளே வந்து இலையில் விழும். குளத்தில் ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு இருக்கும். தரையெல்லாம் ஈர மணல். நாங்கள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. அப்பா பொட்டலம் வாங்கி வந்து அவர் சாப்பிட்டதுபோக மீதி வைப்பார். இங்கே சர்வர் வந்து பக்கத்தில் நின்று, "மீன் சாப்பாடு, கோழிச் சாப்பாடு, சும்மா சாப்பாடு, என்ன வேணும் பாப்பா?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் யாரும் அதற்கு முன்னால் என்ன வேணும் என்று கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. உங்கள் படத்தில் இருந்தது மாதிரியே முழு மீன், மசால் தடவிப் பொரித்து, வாலில் எலுமிச்சைத் துண்டு செருகி வைத்திருந்தது.

அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் காலையில் மெயின் அருவிக்குப் போனோம். பொம்பளைகள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி நின்றார்கள். அக்கா ஓரமாக நின்று டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்தாள். அம்மா பக்கத்தில் போய் அதை வெளியே எடுத்தாள்.

"அவுக பாத்தா என்ன நெனைப்பாக? டப்பாவக் குடு."

"தண்ணி போயிரும்மா."

"போகட்டும். காது போனா ஒரு காது. இந்த எடம் போனா பொறவு ஒன்ன எவன் கட்டுவான்?"

டப்பாவை அம்மா தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அக்காவின் பிடரியைப் பிடித்து, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுகிற மாதிரி, அருவிக்குள் தள்ளினாள். தலை நன்றாக நனைந்தால்தானே அவர்கள் நம்புவார்கள். நான் கம்பிக்கு வெளியே துணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா வெளியே வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். "எனக்கு அருவி பாதிதான் கேக்குட்டி. அர டிக்கெட்டு" என்று என்னிடம் சொல்லிப் பல்லைக் கடித்தாள்.

மத்தியானம் ஹாலில் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் காத்திருந்தார்கள். அவன் அப்பா செத்து ரொம்ப நாளாகிறது. அந்த அம்மா வெள்ளைச் சேலையில் நல்ல வாட்டசாட்டமாக இருந்தாள். கையில் ஆம்பளை வாட்ச். அவளை நாங்கள் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பா முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். அக்காவை பெஞ்சின் ஜன்னலோரம் உட்காரவைத்தார். அப்போது இடது பக்கம் குளம்தான். எல்லோரும் வலது பக்கம் இருந்து பேசினால் ஒரு வம்பும் இல்லை. நான் அவளுக்கு எதிரே, கால் எட்டுகிற மாதிரி.

அந்த அம்மா வந்து நின்றாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. நான் ஜன்னப் பக்கமா இருந்துக்கிடுதேன். எனக்குப் புழுக்கம் ஆவாது."

சாரல் அடித்து எங்கள் எல்லோருக்கும் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புழுக்கமாம். அக்கா தள்ளி உட்கார்ந்தாள். அந்த அம்மா இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்பா முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

சோறு வந்தது. அந்த அம்மா தன் இலையைப் பார்த்துக்கொண்டே மெல்ல, "மீன் கொழம்பு வப்பியா நீ?" என்று கேட்டாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவும் அதே சத்தத்தில், "ஒன்னத்தான் கேட்டேன் தாயி." நான் காலை மிதித்தேன். அக்கா என்னைப் பார்த்து, பிறகு அவசரமாகத் திரும்பி, "என்ன அத்தை?" என்றாள்.

"ரெண்டு மட்டம் கேட்டாச்சு."

அப்பா இதற்காகத்தானே காத்திருந்தார். "காலையில இருந்து மெயின் அருவியை விட்டு வெளிய வரலம்மா. காது ரொம்பிக் கெடக்கு அவளுக்கு. வயசுப் பிள்ளை, தண்ணியைக் கண்டா விடுதாளா?"

மாப்பிள்ளை சிரித்தான். "எனக்கும் அடைச்சித்தான் இருக்கு மாமா." மோர் ஊற்ற வந்த சர்வரும் சேர்ந்துகொண்டார். "இங்க சீசன் முடியுத வரைக்கும் நான் கத்திக் கத்தித் தொண்ட போயிருது ஏட்டையா. வாறவுக பூராம் செவிடுதான்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நான் இன்னும் குளிக்கல அண்ணாச்சி. எனக்கு நல்லாக் கேக்கு" என்றாள். பிறகு மீனைப் பிய்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் இங்கனதான இருப்போம். தண்ணி எறங்கட்டும். பிள்ளகிட்ட ஆற அமரப் பேசிக்கிடுதேன்" என்றாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். தண்ணீர் இறங்கக் கூடாது. இறங்கிவிட்டால் சொல்வதற்குச் சாக்கு இல்லை. அந்த அம்மா அங்கே இருக்கிற வரைக்கும் அக்காவைத் தினமும் கொண்டுபோய் அருவியில் நிறுத்தியாக வேண்டும். அப்பா தன் புத்திசாலித்தனத்தில் தானே மாட்டிக்கொண்டார். ஆனால் நனைந்தது அவர் இல்லை.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அக்காவும் நானும் துணி பிழிந்தோம்.

"ஆளு எப்பிடிட்டி?" என்று கேட்டாள்.

"மூக்கு பெருசா இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. கையைப் பாத்தியா? சின்னக் கை. விட்டாலும் வலிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சேலையை உதறிப் போட்டுக்கொண்டே, "காது கெடக்கட்டும்ட்டி. ஏற்கெனவே ஒண்ணுக்கும் ஆவாத காது. இந்த வீட்டை விட்டு எப்படியாவது போயிரணும். நீ மட்டும் காலை ஒழுங்கா மிதி" என்றாள்.

அதனால் மறுநாள் ஐந்தருவியில் அம்மா அவளைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவளே போய் நின்றாள். தலையைக் கூடச் சாய்க்காமல் நேராக நின்றாள். ஆம்பளைகள் பக்கம் மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனை ஒரு தரம் பார்த்தாள். நல்லது நடக்கப் போகிறது என்று அவள் நினைத்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு அவளிடம் பார்க்கவில்லை.

குளித்து வந்து படுத்தவள் மத்தியானம் எழுந்தபோது தலையணையில் மஞ்சளாக ஊறியிருந்தது. அம்மா தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

சாயங்காலம் அதே ஹாலில் பரோட்டா. அந்த அம்மா வழக்கம்போல ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய வாட்சைக் கழற்றினாள். "இது ஓடுதா, நின்னு போச்சான்னு தெரியல. ஒங் காதுல வச்சுப் பாரு தாயி" என்று சொல்லி அக்காவின் இடது காதில் அவளே வைத்தாள். அக்காவுக்கு அந்தக் காது தொட்டாலே வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். இதற்குக் காலால் எப்படிச் சொல்ல? எனக்கும் தெரியாதே.

"ஓடுது அத்தை" என்றாள்.

"ஓடுதா? சந்தோசம்."

அப்பாவுக்கு மூச்சு வந்தது. சர்வரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் காடை சொன்னார்.

கை கழுவப் போகும்போது அந்த அம்மா வாட்சை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். முள் மூன்றும் அசையாமல் கிடந்தன. அறைக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அந்த வாட்ச் ஓடலம்மா. அத்தைக்குத் தெரிஞ்சிட்டு." அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "சின்னப் பிள்ளைக்கு என்னட்டி வாட்ச் பாக்கத் தெரியும்?" நான் ஐந்தாவது படித்தேன். மணி பார்க்கத் தெரியாதா? அவளுக்கு நான் சொன்னது புரியாமல் இல்லை. தெரிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டால் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். நாளைக்கும் நனைத்தால் ஒருவேளை நடந்துவிடும். அம்மா அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் காதில் வடிந்த சீழை விட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் பழைய அருவி. அக்காவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நேராக நடக்க முடியவில்லை, தரை சுற்றுகிறது என்றாள். அப்பா, "இன்னைக்கு ஒருநாத்தான. மதியம் பூ வச்சிருவாக. பொறவு எத்தனை ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போலாம்" என்றார். அக்கா சரி என்றாள். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினோம். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவள் ஒரு சத்தம் போட்டாள். அருவிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை அன்றைக்கும் கரையில் நின்றான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்காவுக்குப் பட்டுச் சேலை கட்டி உட்காரவைத்தார்கள். காதிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது. அம்மா முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இலையில் மீன் வைத்தார்கள். அக்கா வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தாடை இறுகிவிட்டது.

அந்த அம்மா அன்றைக்கு ஜன்னலோரம் போகவில்லை. எதிரே உட்கார்ந்தாள். சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, பிள்ளைய மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சீதளம்மா. ரெண்டு நாள்ல..."

"போதும். அதுக்கு இடது காது கேக்காது. சம்பந்தம் கொண்டு வந்த அன்னைக்கே தரகர் சொல்லிட்டாரு. ஒங்க தெருவுல கேட்டேன், அவுகளும் சொன்னாக. எப்படிப் போச்சுன்னும் சொன்னாக."

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அம்மாதான் கேட்டாள். "தெரிஞ்சும் ஏம்மா வந்தீய?"

"எம் மகன்கிட்டக் கேட்டேன். அதனால என்ன, பரவால்லன்னான். வருசத்துல ஒரு மாசம் வாறவனுக்கு ஒரு காது பத்தாதா? பையில பூ வாங்கி வச்சிக்கிட்டுத்தான் வந்தேன்." பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாழைநாரில் கட்டின மல்லிகை, வாழையிலைப் பொட்டலத்துக்குள் பழுப்பேறிக் கிடந்தது. "மொத நாச் சாப்பாட்டுல, 'தங்கச்சி, இவளுக்குக் காது கேக்காது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த எலையிலயே வச்சி முடிச்சிருப்பேன். நீங்க சொல்லுவீய சொல்லுவீயன்னு மூணு நாளாப் பாத்தேன். நீங்க பிள்ளைய முக்கி முக்கி எடுக்கீய. இந்த மாதிரி வீட்டுல சம்பந்தம் வச்சா நாளைக்கு எங்களை எதுல முக்குவீயளோ."

அவள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்புக் கிடையாது. அதனால்தான் அவளை என்னால் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பொய்யைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று நாள் தேவையாக இருக்கவில்லை. வரும்போதே தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு பெண் சீழ் வடிகிற காதோடு தினமும் அருவியில் நிற்பதைச் சாப்பிட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஓடாத வாட்சைக் கொண்டுவந்து வலிக்கிற காதில் வைத்து அழுத்தியிருக்கிறாள். நாங்கள் நேர்மையானவர்களா என்று அவள் வைத்த பரீட்சையை எழுதியது அக்கா.

அக்காவுக்கு எல்லாம் கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் பூவைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். இறுகின வாயோடு மெல்லக் கேட்டாள்.

"ஒங்களுக்கும் தெரியுமா?"

அவன் மீனைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ரெண்டு நாளும் கரையிலதான நின்னீய. வேண்டாம்னு ஒரு கையக் காட்டியிருக்கலாம்லா?"

"அம்மா பேசட்டும்னு இருந்தேன்" என்றான்.

அக்கா கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தாள். "செரி, சாப்பிடுங்க. ஆறுது" என்றாள்.

அவர்கள் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். பூப் பொட்டலத்தை அந்த அம்மா மறக்காமல் எடுத்துக்கொண்டாள். சர்வர் ரசத்தோடு வந்து இரண்டு இலைக்கு ஆள் இல்லாததைப் பார்த்து நின்றார். அப்பா அவரைப் பார்த்து, "என்ன வேடிக்கை? ஊத்து" என்றார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். மோரும் சாப்பிட்டார். கடைசியில் இலையை மடித்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"மொத நாளு அவ கேட்டப்பவே ஒழுங்காப் பதில் சொல்லியிருந்தா இந்தக் கேவலம் உண்டுமாட்டி?"

அன்றைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். தென்காசியில் காட்டினால் ஏட்டையா மகள் என்று எல்லோருக்கும் தெரியும், வெளியே வந்துவிடும் என்று வீட்டிலேயே வேப்பெண்ணெய் விட்டார்கள். அக்காவுக்கு நினைவு தப்பின பிறகுதான் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காதுக்குப் பின்னால் எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். இடது பக்க முகம் இறங்கிவிட்டது. அந்தக் கண் தூங்கும்போதும் மூடாது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். அதனால் சிரிப்பதை விட்டுவிட்டாள். டாக்டர் அவளைத்தான் திட்டினார். படிச்ச பொண்ணுதானே, தண்ணியில் போய் நிற்கலாமா என்று. அம்மா பக்கத்தில் நின்று, "சொன்னாக் கேக்க மாட்டா சார்" என்றாள்.

பிறகு அவளைப் பார்க்க எந்த மாப்பிள்ளையும் வரவில்லை. எந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அருவியில் போய் நின்றாளோ, அதே வீட்டின் முன்அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தாள். உங்களில் பாதிப் பேருக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தது அவள்தான். அளவு கொடுக்க வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

அடுத்த சீசன் தொடங்கும்போது அந்த மிலிட்டரிக்காரனின் கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது. சொந்தம் விட்டுப் போகக்கூடாது அல்லவா? மஞ்சள் தடவி, அப்பா பெயருக்கு முன்னால் மரியாதையெல்லாம் போட்டு எழுதியிருந்தது. போக மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி சட்டையை இஸ்திரிப் பெட்டி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தவள் அக்கா.

சாயங்காலம் திரும்பி வந்தார். கையில் தேங்காய்ப் பை. அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். அப்பா என்றைக்கும் வந்த பக்கம் நின்றேதான் பேசுவார். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்காவிட்டால் சத்தம் போடுவார், அவ்வளவுதான். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து, அவளுடைய வலது பக்கம் வந்து குனிந்து நின்றார்.

"பொண்ணு நல்ல செவப்பு" என்றார். "சாப்பாடும் கொறை சொல்ல முடியாது."